வசதி வேறு, வகுப்பு ஒன்று: பிள்ளைகளின் நட்பு பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தனியார் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாடம் எடுக்கிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை. அதற்கு முன்பு, கட்டணச் சலுகையில் படித்த மாணவியாக இதேபோன்ற ஒரு பள்ளியின் பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, வாசல்வரை போன அம்மாவோ அப்பாவோ திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் கேள்விகள் சில உண்டு. மதிப்பெண் பற்றியோ வீட்டுப்பாடம் பற்றியோ அல்ல. பிள்ளையின் நண்பர்களைப் பற்றி. பல ஆண்டுகளாக என்னிடம் வந்த அந்தக் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்த வயதில் குழந்தைகளுக்கு ஏழை, பணக்காரர் என்ற வித்தியாசம் தெரிகிறது?

நாம் நினைப்பதைவிட மிகச் சீக்கிரம். அமெரிக்காவில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளிடம் உளவியலாளர்கள் நடத்திய ஆய்வுகளில், நிறையப் பொருட்கள் வைத்திருக்கும் குழந்தையைத்தான் அவர்கள் கூடுதலாக விரும்பினார்கள். "என் பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது, எல்லோரோடும் ஒன்றாகத்தான் விளையாடுகிறான்" என்று பெருமையோடு சொல்லும் பெற்றோரிடம் நான் வாதாடுவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். யார் காரில் வந்து இறங்குகிறார்கள், யாருடைய பையில் ஜிப் போய் ஊக்கு மாட்டியிருக்கிறது, ஒவ்வொரு சுற்றுலாவின்போதும் யாருக்கு மட்டும் காய்ச்சல் வருகிறது என்பதெல்லாம் வகுப்பு முழுவதற்கும் தெரியும்.

தெரிவதில் தவறில்லை. தெரிந்ததற்கு விளக்கம் யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே இல்லாவிட்டால் குழந்தை தானாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். "அவன் அப்பா சரியாக வேலை செய்யமாட்டார் போல, அதனால்தான் அவர்களிடம் பணம் இல்லை" என்று ஒரு நாலாம் வகுப்புப் பையன் என்னிடம் சொன்னான். அதில் துளி வன்மம் கிடையாது. நல்லவர்களுக்கும் உழைப்பவர்களுக்கும் நிறையக் கிடைக்கும் என்று நாம் சொல்லிக்கொடுத்த கணக்கைத்தான் அவன் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறான். நாள் முழுக்க உழைத்தும் குறைவாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை யாராவது ஒருவர் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்தால் தாழ்வு மனப்பான்மை வந்துவிடாதா?

வரலாம். வராமலும் போகலாம். எதைப் பொறுத்து என்று கேட்டால், நான் பார்த்தவரை ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்துத்தான்: அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு ஏதாவது வாய்ப்பு இருக்கிறதா என்பது.

பெற்றுக்கொண்டே இருக்கும் பிள்ளை ஒருநாள் ஒதுங்கிவிடும். பென்சில் கடன் வாங்குகிறது, சிற்றுண்டியில் பங்கு வாங்குகிறது, காரில் ஏறிக்கொள்கிறது, பழைய புத்தகத்தை வாங்கிக்கொள்கிறது. எல்லாமே அன்பாகத்தான் தரப்படுகின்றன. ஆனால் எல்லாம் ஒரே திசையில் போகின்றன. கணக்கு மனத்தில் ஏறிக்கொண்டே வரும். பெரியவர்களாகிய நமக்கே அப்படித்தானே? தொடர்ந்து மூன்று முறை ஒருவர் நமக்காகச் செலவு செய்துவிட்டால் நான்காவது முறை அவரைப் பார்க்கவே கூசுகிறது.

அதே பிள்ளைக்குப் பந்து வீசத் தெரிந்திருந்தால், பின்னக் கணக்கைப் பொறுமையாக விளக்கத் தெரிந்திருந்தால், ஆசிரியர்களைப் போல் பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைக்கத் தெரிந்திருந்தால், கதை வேறு. அப்போது கொடுக்கல் வாங்கல் சரியாகிவிடுகிறது. ஆகவே சேர்ப்பதா வேண்டாமா என்று குழம்பும் பெற்றோரிடம் நான் கேட்பது, "உங்கள் பிள்ளை எதை ஆசையாகச் செய்வான்?" என்றுதான். அதைப் பள்ளிக்குத் தெரியப்படுத்துங்கள். முதல் மாதத்திலேயே அவன் அதைச் செய்து காட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

"அவனிடம் இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று தினமும் அழுகிறான். வாங்கித் தந்துவிடலாமா?

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் பியூ, கலிபோர்னியாவின் ஓக்லாந்து பகுதியில் வசதியான வீட்டுக் குழந்தைகளோடும் ஏழைக் குழந்தைகளோடும் மூன்று ஆண்டுகள் பழகி ஆராய்ந்தவர். அவர் கண்டு சொன்ன ஒன்று, வகுப்பறையில் நான் அன்றாடம் பார்ப்பதோடு அப்படியே பொருந்துகிறது. பிள்ளைகள் ஒரு பொருளுக்கு ஏங்குவது பெரும்பாலும் மற்றவர்களைவிட உயர்ந்து நிற்பதற்காக அல்ல, பேச்சில் சேர்ந்துகொள்வதற்காக. இடைவேளையில் எல்லோரும் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசும்போது, அது இல்லாதவன் வாய் திறக்க முடியாமல் நிற்கிறான். அவன் அழுவது பொருளுக்காக என்று நாம் நினைக்கிறோம். அந்த வட்டத்துக்குள் நுழைவதற்காக அவன் அழுகிறான்.

இது புரிந்தால் வழியும் கிடைக்கும். முதலில் அவனிடம் கேளுங்கள்: "அது இருந்தால் என்ன செய்வாய்? யாரோடு விளையாடுவாய்?" பதிலில் பொருளைவிட ஆட்களின் பெயர்கள் அதிகமாக வந்தால், தேவை பொருள் அல்ல. அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யக்கூடிய வேறொன்றை ஏற்பாடு செய்யலாம். சில நேரங்களில், ஆம், சின்னதாக ஒன்றை வாங்கித் தருவதும் சரிதான். கடன் வாங்கித் தரவேண்டியிருந்தால் மட்டும் வேண்டாம். அந்தக் கடனின் பாரம் வீட்டில் பேச்சாகவும் எரிச்சலாகவும் மாறி அந்தப் பிள்ளையின் தலையில்தான் வந்து விடியும்.

வசதியான பெற்றோருக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. புதிதாக வாங்கியதை முதல் நாளே பள்ளிக்குக் கொண்டுபோக விடாதீர்கள். ஒரு வாரம் வீட்டில் விளையாடட்டும். புதுமை தீர்ந்த பொருளைப் பற்றிப் பிள்ளைகள் பீற்றிக்கொள்வதில்லை.

"நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை" என்று பிள்ளையிடம் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். அழாமல், கோபப்படாமல், மன்னிப்புக் கேட்கும் குரலில் இல்லாமல், மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல் சொல்ல வேண்டும். "இந்த மாதம் இதற்கு முடியாது, செருப்பு வாங்க வேண்டியிருக்கிறது" என்றால் பிள்ளைக்குப் புரியும். "உனக்காகத்தானே இவ்வளவு கஷ்டப்படுகிறோம்" என்ற வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பத்து வயதில் அதைச் சுமப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என் மகள் தன் தோழியை வீட்டுக்கு அழைக்கவே மாட்டேன் என்கிறாள். தோழியின் வீட்டுக்கு மட்டும் போகிறாள். வற்புறுத்தலாமா?

வற்புறுத்த வேண்டாம். ஆனால் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். இது என் சொந்தக் கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாங்கள் இருந்தது ஒற்றை அறை வீடு. அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். அறையின் ஒரு மூலையில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், அவருடைய மேசை. ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். அவள் வீட்டில் அவளுக்கென்று தனி அறையே உண்டு. பல மாதங்கள் நான்தான் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வருகிறேன் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு பொய் சொன்னேன். ஒரு சனிக்கிழமை, முன்னறிவிப்பு இல்லாமல் அவளே வந்துவிட்டாள்.

அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளோ நேராக அப்பாவின் மேசைக்குப் போய், "இது என்ன, மாமா?" என்று கேட்டாள். கண்ணில் இடுக்கிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடியை அப்பா அவளிடம் கொடுத்தார். முதலில் அதை விழாமல் பிடித்துக்கொள்ளவே அவளுக்கு வரவில்லை. மூன்று முறை மேசையில் விழுந்தது. நாலாவது முறை பிடித்துக்கொண்டாள். திறந்து கிடந்த கைக்கடிகாரத்துக்குள் குனிந்து பார்த்தாள். மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. "மூச்சு விடுகிறது" என்றாள். அன்று சாயங்காலம் வரை அவள் அந்த மேசையைவிட்டு நகரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். எங்கள் வீட்டில் எத்தனை அறை என்று அவள் எண்ணிப் பார்த்ததாகவே தெரியவில்லை.

ஆகவே என் பதில்: வீட்டைக் காட்டுவதற்காக அழைக்காதீர்கள். ஏதாவது ஒன்றைச் செய்வதற்காக அழையுங்கள். பூனை குட்டி போட்டிருக்கிறது, பட்டம் செய்யப்போகிறோம், தாத்தா சதுரங்கம் சொல்லித் தருகிறார் என்று ஒரு காரணம் இருக்கட்டும். கைக்கு வேலை இருக்கும்போது பிள்ளைகளின் கண் சுவரைப் பார்ப்பதில்லை. முதல் முறை ஒரு மணி நேரம் போதும். வந்த பிள்ளையிடம் "எங்கள் வீடு சின்னது, கோபித்துக்கொள்ளாதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்டுத் தலைகுனிவது உங்கள் பிள்ளைதான்.

பிறந்தநாள் விழாக்கள் பெரிய தலைவலியாக இருக்கின்றன. என்ன பரிசு கொடுப்பது, எப்படித் திருப்பி அழைப்பது?

இந்தக் கேள்வி இரண்டு தரப்பிலிருந்தும் வருகிறது. போகும் பிள்ளையின் பெற்றோருக்கு முதலில்: விரலுக்கேற்ற வீக்கம் போதும். உங்களால் முடிந்ததை நன்றாக உறையிட்டு, பிள்ளையின் கையெழுத்தில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் தன் நண்பனுக்குப் பள்ளி மைதானத்தின் வரைபடம் ஒன்றைக் கொடுத்தான். அவர்கள் இருவரும் பந்தைத் தொலைத்த இடங்கள், ஓணான் பார்த்த மரம், சண்டை போட்டுச் சமாதானமான படிக்கட்டு எல்லாம் அதில் குறிக்கப்பட்டிருந்தன. ஒரு மூலையில் திசைகாட்டும் அம்புக்குறிகூட உண்டு. அதை எனக்குக் காட்டியவன் கொடுத்தவன் அல்ல; வாங்கிக்கொண்டவன்.

விழா நடத்துகிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். பரிசுகளை எல்லோர் முன்னாலும் பிரிக்காதீர்கள். எந்தப் பெட்டி பெரியது, யாருடையது என்று ஒப்பிடும் சந்தை அங்கேதான் கூடுகிறது. அழைப்பிதழை வகுப்பில் வைத்துக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுங்கள். ஐந்து பேரைத்தான் அழைக்க முடியும் என்றால் பெற்றோர் வழியாகச் சொல்லுங்கள். விழா முடிந்து போகும் பிள்ளைகளுக்குத் தரும் பதில் பரிசை, வந்த பரிசைவிட விலை கூடியதாக வைக்காதீர்கள். உங்களுக்கு அது விருந்தோம்பலாகத் தோன்றலாம். வந்த பிள்ளையின் தாய்க்கு அது ஒரு ரசீது.

திருப்பி அழைக்க முடியவில்லையே என்று வருந்துகிறவர்களுக்கு: அதே தேதியில், அதே அளவில் அழைக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒரு விடுமுறை நாள் மாலையில் இரண்டு நண்பர்கள் வந்து விளையாடிவிட்டுப் போனால் அதுவும் அழைப்புதான்.

நாங்கள் வசதியாக இருக்கிறோம். மகனின் நண்பனால் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியவில்லை. நாங்கள் கட்டலாமா?

கட்டலாம். எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் சொன்ன அதே தோழியின் அம்மா, ஆறாம் வகுப்பில் என் சுற்றுலாக் கட்டணத்தைக் கட்டினார். நல்ல மனம்தான். ஆனால் பள்ளி வாசலில், மற்ற அம்மாக்கள் நால்வர் முன்னால், "இவளுக்கும் சேர்த்து நானே கட்டிவிட்டேன், பாவம்" என்றார். அந்தப் "பாவம்" என்ற சொல் என்னோடு பஸ்ஸில் ஏறியது. சுற்றுலாவில் எடுத்த புகைப்படத்தில் நான் தோழியின் பக்கத்தில் நிற்கவில்லை. ஏறக்குறைய ஓராண்டு அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். காரணம் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

எனவே, உதவ நினைத்தால் பள்ளி அலுவலகம் வழியாகச் செய்யுங்கள். கட்ட முடியாத யாராவது ஒருவருக்கு என்று கொடுங்கள், பெயர் வேண்டாம். உங்கள் மகனுக்கும் தெரிய வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையால் ரகசியத்தைக் காப்பாற்ற முடியாது. சண்டை வரும் நாளில் அது ஆயுதமாகிவிடும். நண்பனின் பெற்றோரிடம் நேரடியாகப் பேசும் அளவுக்கு நெருக்கம் இருந்தால் வெளிப்படையாகக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் ஒரு தடவைக்கு மேல் வற்புறுத்தாதீர்கள். பதிலுக்கு அவர்கள் ஏதாவது செய்ய முன்வந்தால் மறுக்கவும் வேண்டாம். "அதெல்லாம் எதற்கு" என்று நாம் பெருந்தன்மையாகச் சொல்லும்போது எதிராளி நிமிர்ந்து நிற்கக் கிடைத்த ஒரே வாய்ப்பைத் தட்டிவிடுகிறோம்.

ஏழைப் பிள்ளைகளோடு சேர்ந்தால் என் பிள்ளையின் படிப்பும் பழக்கவழக்கமும் கெட்டுப்போகாதா?

இதைக் கேட்பவர்கள் மிகவும் தயங்கித்தான் கேட்கிறார்கள். நான் கோபப்படுவதில்லை, ஏனென்றால் இதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல முடியும்.

டெல்லியில் அரசிடமிருந்து சலுகை விலையில் நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் ஏழை மாணவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற விதி 2007-இல் நடைமுறைக்கு வந்தது. பொருளியலாளர் கௌதம் ராவ், அந்தப் பள்ளிகளில் ஏழை மாணவர்களோடு படித்த பணக்கார மாணவர்களையும், அப்படிப் படிக்காதவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஆய்வு 2019-இல் வெளியானது. ஏழை வகுப்புத் தோழர்களோடு வளர்ந்த பிள்ளைகள் தாராள மனமுடையவர்களாக இருந்தார்கள். தொண்டு வேலைக்குக் கூடுதலாக முன்வந்தார்கள். ஏழைப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடப் போக விரும்பினார்கள். தாராளம் ஏழைகளிடம் மட்டுமல்ல, மற்ற பணக்காரப் பிள்ளைகளிடமும் கூடியிருந்தது.

அவர் நடத்திய ஒரு தொடர் ஓட்டப் போட்டியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பணக்கார மாணவர்கள் தங்கள் அணிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையா, மெதுவாக ஓடும் பணக்காரப் பிள்ளையா? பரிசு 500 ரூபாய் என்றபோது பெரும்பாலோர் வேகத்தைப் பார்த்தார்கள். 50 ரூபாய் என்றபோது, தோற்றாலும் பரவாயில்லை என்று தங்களைப் போன்ற பிள்ளையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதிகமானார்கள். ஏழைத் தோழர்களோடு ஒரே வகுப்பில் படித்தவர்களிடம் அந்தப் பாகுபாடு குறைவாக இருந்தது.

மதிப்பெண்? ஆங்கிலத்தில் சிறிய சரிவு தெரிந்தது. இந்தியிலும் கணிதத்திலும் பாதிப்பு காணப்படவில்லை. வகுப்பில் கெட்ட வார்த்தை பேசியதாகப் புகார்கள் கொஞ்சம் கூடின. இதை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கெட்ட வார்த்தையைத் திருத்த ஒரு வாரம் போதும். சக மனிதனைப் பார்த்து முகம் திருப்பும் பழக்கம் ஊறிவிட்டால் திருத்துவது யார்?

ஒரே வகுப்பில் உட்காரவைத்துவிட்டால் நட்பு தானாக வந்துவிடுமா?

வராது. அருகில் இருப்பதும் பழகுவதும் வேறு வேறு. பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவரது குழுவினரும் அமெரிக்காவில் 7.2 கோடி பேரின் ஃபேஸ்புக் நட்புகளை, சுமார் 2,100 கோடி நட்புகளை, ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். ஏழைகளும் பணக்காரர்களும் நண்பர்களாகாமல் போவதற்குப் பாதிக் காரணம் அவர்கள் சந்திக்கவே வாய்ப்பில்லாதது. மீதிப் பாதி, ஒரே இடத்தில் இருந்தும் ஒட்டாமல் போவது. பெரிய பள்ளிகளில் இந்த ஒட்டாமை கூடுதல். சிறிய குழுக்களில் குறைவு. பணக்காரக் குழந்தைகளுக்கு இருக்கும் அளவுக்கு வசதியான நண்பர்கள் கொண்ட சூழலில் ஏழைக் குழந்தைகளும் வளர்ந்தால், பெரியவர்களானதும் அவர்களது வருமானம் சராசரியாக 20 சதவீதம் உயரும் என்பது அவர்களின் மதிப்பீடு. நட்பை லாபக் கணக்காகப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்ற செய்திகள் நண்பர்கள் வழியாகத்தான் வந்துசேர்கின்றன என்பதை என் வாழ்க்கையிலேயே பார்த்திருக்கிறேன்.

பழகவைப்பதற்கு வழி என்ன? உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே சொல்லிவிட்டார்: இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஓர் இலக்கு வேண்டும், அதற்கு ஒருவர் கை மற்றவருக்கு வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். இன்னொரு உளவியலாளரான எலியட் ஆரன்சன் 1971-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இதை வகுப்பறை முறையாகவே மாற்றினார். இன வேறுபாட்டால் கொதித்துக்கொண்டிருந்த வகுப்புகள் அவை. பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொருவரும் தன் பகுதியைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையை ஒதுக்கினால் பாடத்தில் ஒரு பகுதி யாருக்கும் கிடைக்காது.

நான் இதைச் சமூக அறிவியல் பாடத்தில் வாரம் ஒருமுறை செய்கிறேன். குழுக்களைப் பெயரின் முதல் எழுத்து வரிசையில் பிரிக்கிறேன். கௌதம் ராவ் ஆராய்ந்த பள்ளிகள் சிலவற்றிலும் படிப்புக் குழுக்கள் அப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரே குழுவில் விழுந்தவர்களிடம் மாற்றம் நன்றாகத் தெரிந்தது. "உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்" என்று ஆசிரியர் சொல்லும் ஒவ்வொரு முறையும், சேர்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஒரு பிள்ளை சுவரோரம் நிற்கிறது. அந்த வாக்கியத்தை நான் விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன.

பள்ளி நிர்வாகத்திடம் பெற்றோர் எதைக் கேட்கலாம்?

கட்டணம் கட்டாதவர்களின் பெயரை வகுப்பில் வாசிக்கக் கூடாது என்பதை முதலில் கேளுங்கள். அந்த ஒரு நிமிடம் ஓராண்டு நட்பைக் கரைத்துவிடும். சலுகையில் படிக்கும் பிள்ளைகளைத் தனிப் பிரிவில், தனி நேரத்தில் வைப்பதும் கூடாது. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் வசதி குறைந்த, பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் குழந்தைகளைப் பற்றி மத்திய அரசின் 2010 விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: வகுப்பறையில் பிரித்து வைக்கக் கூடாது, பாடநூல், சீருடை, நூலகம், விளையாட்டு எதிலும் வேற்றுமை காட்டக் கூடாது.

சீருடை அணிந்துவிட்டால் எல்லோரும் சமம் என்று நினைத்துவிட வேண்டாம். குறிப்பிட்ட கடையில் மட்டும் கிடைக்கும், சின்னம் பொறித்த காலணியும் மேலுடையும் பையும் கட்டாயமானால் சீருடையே சுமையாகிவிடும். இங்கிலாந்தில் இதற்காக 2021-இல் ஒரு சட்டமே வந்தது. சின்னம் பொறித்த உடைகளை மிகக் குறைவாக வைத்துக்கொள்ளும்படி அதன் வழிகாட்டுதல் பள்ளிகளிடம் சொல்கிறது.

விடுமுறை முடிந்து வந்ததும் "எங்கே போனீர்கள்?" என்று கட்டுரை எழுதச் சொல்வதையும் நிறுத்தச் சொல்லுங்கள். "ஒருநாள் காலையில் உங்கள் ஜன்னலுக்கு வெளியே என்ன பார்த்தீர்கள்?" என்று நான் கேட்கிறேன். ஜன்னல் எல்லோருக்கும் உண்டு. கட்டுரைகளும் முன்னைவிட நன்றாக இருக்கின்றன.

என் மகன் நண்பர்களிடம் "எங்களிடம் பெரிய கார் இருக்கிறது" என்று பொய் சொல்லியிருக்கிறான். அடிக்கக் கை வந்துவிட்டது.

அடிக்காதீர்கள். அவன் ஏமாற்றுக்காரன் அல்ல, பயந்திருக்கிறான். எல்லோர் முன்னாலும் பொய்யை உடைக்கவும் வேண்டாம். தனியாக உட்கார்ந்து, "யார் என்ன கேட்டார்கள்? அப்போது உனக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். அடுத்த முறை சொல்வதற்கு உண்மையான ஒரு பதிலை அவனோடு சேர்ந்து தயார் செய்யுங்கள். "எங்களிடம் கார் இல்லை, அப்பாவோடு பஸ்ஸில் வருகிறேன்" என்று வீட்டில் இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பழகினால் பள்ளியில் சொல்வது எளிதாகிவிடும்.

பிள்ளைகள் பழகுகிறார்கள் என்பதற்காகப் பெற்றோரும் பழக வேண்டுமா?

நெருங்கிய நண்பர்களாக வேண்டியதில்லை. பெயர் தெரிந்திருக்க வேண்டும், தொலைபேசி எண் இருக்க வேண்டும், வாசலில் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேச வேண்டும். காரின் கண்ணாடியை இறக்காமல் கையசைத்துவிட்டுப் போகும் பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

இருவரும் வேறு வேறு பள்ளிக்குப் போகப்போகிறார்கள். இந்த நட்பு நீடிக்குமா?

எல்லா நட்பும் நீடிக்க வேண்டும் என்றில்லை. ஒரே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் நட்பும் பாதியில் தளர்ந்துபோவது உண்டு. அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. ஆனால் தொடர விரும்பும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் உதவி தேவை, ஏனென்றால் கைபேசியும் வாகனமும் அவர்கள் கையில் இல்லை. மாதத்தில் ஒருநாளை நிலையாக வைத்துவிடுங்கள். பொதுவான, செலவில்லாத இடமாக இருக்கட்டும்: பூங்காவோ நூலகமோ. அழைத்துப்போவதை இரண்டு வீடும் மாறி மாறிச் செய்யட்டும்.

என் தோழி ஏழாம் வகுப்பில் வேறு ஊருக்குப் போய்விட்டாள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் அவளுடைய அம்மா முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் நின்றுபோன ஒரு பழைய கடிகாரம். அவருடைய தந்தையின் கடிகாரமாம். வேறு இரண்டு பேர் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். "நீங்கள் பார்த்தால் ஓடும் என்று என் மகள் சொல்கிறாள்" என்றார். அப்பா நாலு நாள் அதோடு மல்லுக்கட்டினார். ஐந்தாம் நாள் அது ஓடியது. அம்மா, "நம் பிள்ளையின் தோழி வீடு, காசு வாங்காதீர்கள்" என்று உள்ளேயிருந்து சைகை காட்டினார். அப்பா வழக்கமான கூலியைச் சொன்னார், வாங்கிக்கொண்டார், ரசீது எழுதிக் கொடுத்தார்.